சோடாக் கொம்பனியின் மூன்று சொந்தக்காரர்

தொழிற்சாலைகளில் புதிதாகப் போர்மன் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எழுதுவது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை கண்டால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். மெசின்களைப் பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. ‘சம்பளத்தைக் கூட்டச் சொல்லிச் சட்டம் வந்திருக்கிறது’ என்று ஒரு செய்தி வந்தால், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்கிற ஆளின் வயிறு எப்படிக் கலங்கும் என்பது எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருட வேலையில் நான்கு தடவை அது எனக்குக் கலங்கியது. முதல் தடவையைத்தான் எழுதப் போகிறேன். பிழைகள் எல்லாவற்றையும் நான் அந்தத் தடவையே விட்டு முடித்துவிட்டேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். மழை இருட்டினால் லொறி சறுக்குமோ என்று யோசிப்பேன். மழை பெய்யாவிட்டால் கிணறு வற்றுமோ என்று யோசிப்பேன். எங்கள் முதலாளி, “உனக்குச் சம்பளம் தாறது யோசிக்கிறதுக்கே?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்பார்.

எங்களுடையது யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு சோடாக் கொம்பனி. ஒரேஞ்ச் பார்லி, ஜிஞ்சர் பியர், வெறும் சோடா. ஒரு காஸ் மெசின், ஒரு லொறி, முதலாளியுடன் சேர்த்துப் பதினான்கு பேர். அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் தொழிலுக்கும் சம்பளச் சபை ஒன்று இருந்தது. அந்தச் சபை, இன்ன வேலைக்கு இதற்குக் குறையக் கொடுக்கக்கூடாது என்று புதிதாக ஒரு தீர்ப்பு எழுதியிருப்பதாகப் பேப்பரில் வந்தது. போத்தல் கழுவுகிறவர்கள் வரைக்கும் அதில் இருந்தார்கள்.

அந்தப் பேப்பரைக் கொம்பனியில் முதலில் வாசித்தவன் நான். வாசித்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் காஸ் மெசின் ஓட்டுகிற அண்ணையிடம் போய், “அண்ணை, உந்தச் சம்பளத்தைக் குடுக்கேலாமல் முதலாளி கொம்பனியைப் பூட்டினாலும் பூட்டுவார்” என்றேன்.  அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அடுத்த கிழமை கிளிநொச்சியில் மச்சானின் கடைக்குப் போய்விட்டார். முதலாளி அன்றுவரை அந்தப் பேப்பரைப் பார்க்கவே இல்லை!

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று. உங்கள் பயம் உங்களோடு இருக்கட்டும். போர்மன் பயந்தால் அது அவனுடைய பயம். அவன் அதை வாய்விட்டுச் சொன்னால் கீழே இருக்கிறவனுக்கு அது செய்தி.

ஆகவே முதலாளிக்கு இரண்டு செய்தியும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. மெசின்காரன் போய்விட்டான். சம்பளம் கூடுகிறது.

முதலாளியைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். திருவிழாவுக்குத் திருவிழா கைவண்டிலில் ஜிஞ்சர் பியர் விற்று மேலே வந்த மனிதர். ஒருத்தரின் வீட்டில் செத்தவீடு என்றால் சொல்லாமலே லொறியை அனுப்புவார். ஆனால் சட்டம் என்றதும் அவருக்கு யாரோ தன்னுடைய வளவுக்குள் வேலி பாய்ந்து வந்தது போல் இருந்தது.

“என்ரை ஆக்களுக்கு நான் என்ன குடுக்கிறதெண்டு சொல்லக் கொழும்பிலை இருக்கிறவன் ஆர்? மத்தியானம் சோறு போடுறனே, அதை அவன் எழுதியிருக்கிறானோ?”

“இல்லை முதலாளி.”

“மாரி துவங்கப்போகுது. மழையிலை எவன் சோடா குடிக்கப்போறான்? மெசின் பக்கம் ஏற்கெனவே ஒராள் குறைவு, அங்கை கைவைக்கேலாது. போத்தல் கழுவுற மூண்டு பேரையும் இந்த முறை ஒரேயடியா நிப்பாட்டு. வேணுமெண்டால் பேந்து புது ஆக்களைப் பாப்பம்.”

அந்த மூன்று பேரும் பெண்கள். பாக்கியம், சின்னத்தங்கம், இராசமணி. பாக்கியத்துக்கு நாற்பது வயது இருக்கும், புருசன் இல்லை, பதினொரு வருடமாகப் போத்தல் கழுவுகிற தொட்டியில் நிற்கிறவள். மற்ற இருவரும் அவளுடைய ஒழுங்கையில், அதே சின்னத் தெருவில் இருந்து அவளோடு வருகிறவர்கள். புதுச் சட்டம் சொன்ன கூலியில் அரைவாசிக்குச் சற்று மேலேதான் அவர்களுக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். மத்தியானச் சோறு எல்லோருக்கும் உண்டு, அதற்கென்று கூலியில் கொஞ்சம் பிடிப்பதும் உண்டு, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. மெசின் பக்கத்து ஆட்களும் நானும் முதலாளி வீட்டுக் குசினி விறாந்தையில் இருந்து சாப்பிடுவோம். இந்த மூன்று பேருக்கும் தொட்டிக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில், அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோப்பையில் விழும். சாதி அந்த நாளில் சோற்றுக் கோப்பை வரைக்கும் வந்து நின்றது. நான் அதைக் கண்டும் காணாதவனாக விறாந்தையில் இருந்து சாப்பிட்டவன்தான்.

மூன்று பேரையும் நிற்பாட்டச் சொல்லிவிட்டார். பாக்கியத்தின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதுவரைக்கும் என் சீவியத்தில் வந்த யோசனைகளில் அதுதான் திறம் என்று நினைத்தேன்.

எங்களூரில் ஒரு வீட்டில் கலியாணம் என்றால், வீட்டுக் கூரை மேய்ச்சல் என்றால், சொந்தக்காரர் வந்து நின்று வேலை செய்வார்கள். அதற்கு யாரும் கூலி கேட்பதில்லை, எந்தச் சட்டமும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியென்றால் இந்த மூன்று பேரும் முதலாளியின் சொந்தக்காரர், கைக்கு உதவியாக வந்து நிற்கிறார்கள் என்று சொன்னால் என்ன? பழைய கூலியே போகும். வேலையும் போகாது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆர் சொந்தக்காரர்?”

“பாக்கியம் ஆக்கள்.”

“ஆருக்கு?”

“உங்களுக்கு.”

 அவர் மேசையில் கிடந்த போத்தல் மூடி ஒன்றை எடுத்து விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“லேபர் கந்தோர்க்காரன் வந்தால் மட்டும்தானே?”

“வந்தால் மட்டும்தான் முதலாளி.”

“வேறை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. முக்கியமா வீட்டிலை.”

அதன் பிறகு தொட்டியடிக்குப் போய் மூன்று பேரையும் கூப்பிட்டு, யாரும் வந்து கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று பாடம் சொல்லிக்கொடுத்தேன். இராசமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். பாக்கியம் சிரிக்கவில்லை.

“போர்மன் தம்பி, ஆற்றை வழியிலை சொந்தம்? ஐயாவின்ரை வழியோ, அம்மாவின்ரை வழியோ?”

“அதைக் கேக்கமாட்டினம்.”

“கேப்பினம். எங்கடை சனம் வேறை என்னத்தைக் கேக்கிறது?”

அவள் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோசத்தில் இருந்தேன்.

கார்த்திகையில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம், தொழிற் கந்தோர் ஐயா, சம்பளச் சட்டத்தைப் பார்க்கிற அரசாங்க உத்தியோகத்தர், வந்தார். பருத்தித்துறைப் பக்கத்து ஆள். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, நனைந்த கால்சட்டைக் காலை மடித்துவிட்டபடி, கலியாணவீட்டுக்கு வந்தவர் போலச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்.  ஒவ்வொருத்தராகப் பெயர் கேட்டு எழுதினார். கடைசியில் தொட்டிப் பக்கம் பார்த்தார்.

“உவையள் ஆர்?”

முதலாளி முன்னுக்கு வந்தார். “உவையள்... எங்கடை சொந்தக்காரர். சும்மா உதவிக்கு வந்து நிக்கினம்.”

“அப்பிடியே! நல்லது. என்ன முறை?”

“தூரத்துச் சொந்தம்.”

“எவ்வளவு தூரம்?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மரப்பெட்டிகளைப் பார்த்தேன். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

“மனிசியின்ரை பக்கம்” என்றார்.

குசினிக் கதவடியில் அகப்பையோடு நின்ற முதலாளியின் மனைவி, “என்ரை பக்கமோ?” என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

கந்தோர் ஐயா கொப்பியை மூடினார். “நான் கடமைக்குப் போற இடங்களிலை தண்ணியும் குடிக்கிறேல்லை. ஆனா இண்டைக்கு மழை, பசி. சொந்தக்காரர் எல்லாரும் ஒண்டாக் கூடி நிக்கிறியள். வாங்கோ, உள்ளுக்கை இருந்து ஒரு பிடி சாப்பிடுவம். தொட்டியடியிலை நிக்கிற அக்கா, நீங்களும் வாங்கோ. ஏன் வெளியிலை நிக்கிறியள்?”

  மெசின் பக்கத்து ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை. கிணற்றுக்குள் விழுந்தவன் கயிற்றைத் தேடுகிற முகம் அது. ஒரு சொல்லில் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டவன் நான்.

முதலாளியின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். “எத்தினை இலை வெட்டட்டும்?” என்று கேட்டார். பகிடியாகக் கேட்டாரா, மெய்யாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதற்குள் பாக்கியம் தொட்டியை விட்டு வந்துவிட்டாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

“இலை வெட்டவேண்டாம் அம்மா. ஐயா, எனக்கு இவையின்ரை சோறும் வேண்டாம், சொந்தமும் வேண்டாம். நான் பதினொரு வருசமா இஞ்சை போத்தல் கழுவுறன். வேலைக்காரி எண்டு எழுதுங்கோ.”

முதலாளி, “பாக்கியம்!” என்றார்.

“எழுதுங்கோ ஐயா. இவையள் ரெண்டு பேரையும் எழுதுங்கோ.”

அந்தச் சொல்லோடு வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஐயா எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் அந்தக் கலியாணவீட்டுச் சிரிப்பு இருக்கவில்லை. முதலாளியைப் பார்த்து, “வழக்குப் போட இண்டைக்கு நான் வரேல்லை. அடுத்த மாதம் வருவன். அதுக்கிடையிலை சரிப்படுத்தி வையுங்கோ” என்றார். சாப்பிடாமலே வெளிக்கிட்டார்.

சைக்கிளடி வரைக்கும் நான் பின்னால் போனேன். இந்த யோசனை என்னுடையது, முதலாளியில் பிழை இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னேன்.

“ஏன் காணும் அப்பிடிச் செய்தீர்?”

“மூண்டு பேரின்ரை வேலை போகப் பாத்துது ஐயா. அதைக் காப்பாத்த...”

“அவையிட்டைக் கேட்டனீரோ?”

“என்னத்தை ஐயா?”

“காப்பாத்தட்டோ எண்டு.”

 சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எனக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவுதான். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

அன்று பின்நேரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஏச்சு விழும் என்று நின்றேன். ஏசவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

“சரி. சட்டப்படி குடுப்பம். ஆனா மூண்டு பேர் இல்லை, ஒராள் போதும். ஆரெண்டு நீ சொல்லு. நாளைக்கு.”

பாருங்கள், இதுதான் உங்களுக்கும் வரப்போகிற இடம். மூன்று பேரில் யாரை வைத்திருப்பது என்று கேட்டால் நாங்கள் உடனே ஒரு கடதாசி எடுத்துப் பெயரை எழுதி, யார் வேகமாகக் கழுவுகிறாள், யாருக்குப் பிள்ளைகள் கூட என்று யோசிக்கத் தொடங்குவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சின்னத்தங்கம் கெதி. இராசமணி வயது குறைவு. பாக்கியம் வாய்க்காரி, ஆனால் போத்தல் கழுத்தில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் விரலில் பிடித்துவிடுவாள். கடதாசி முழுக்க வெட்டும் கொத்துமாகப் போனது. அப்போது அந்தப் பருத்தித்துறை ஐயாவின் கேள்வி நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் காலையில் கடதாசியைச் சுருட்டி மடிக்குள் செருகிக்கொண்டு தொட்டியடிக்குப் போனேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். முதலாளி இப்படிச் சொல்லுகிறார், ஒராளுக்குத்தான் கட்டுப்படியாகும் என்கிறார், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“ஏன் கட்டாதாம்?” என்று பாக்கியம் கேட்டாள்.

“மாரியிலை விற்பனை இல்லை. பங்குனி பிறந்து வெய்யில் ஏற, இஞ்சை வேலை நெருப்பாப் பறக்கேக்கை, நீங்கள் மூண்டு பேரும் வெங்காயம் கிண்டப் போயிடுவியள். ஒவ்வொரு வருசமும் இதுதானே? புது ஆக்களைப் பிடிச்சு, அவையள் பாதியை உடைச்சு, வெடிச்ச போத்தலை மெசினிலை ஏத்தி... போன வருசம் திருவிழாவுக்குச் சோடாப் பெட்டி குடுக்கேலாமல் போச்செல்லே? முதலாளிக்கு அந்தக் கோவம் இன்னும் இருக்கு.”

சின்னத்தங்கம் பாக்கியத்தைப் பார்த்தாள்.

“நாங்கள் ஏன் வெங்காயத்துக்குப் போறம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?” என்றாள் பாக்கியம்.

“தோட்டத்திலை கூலி கூட.”

“ஓம், கூடத்தான். அதுக்கே போறம்? மாரி வர, ‘வேலை இல்லை, நாளைக்கு வரவேண்டாம்’ எண்டு நீங்கள்தானே சொல்லுவியள். ரெண்டு மாதம் நாங்கள் மண்ணையே தின்னுறது? இணுவில் பக்கத்துத் தோட்டக்காரர் கடனா அரிசி தருவினம். பங்குனியிலை வெங்காயம் கிண்டிக் கழிச்சு விடவேணும். சொன்ன சொல்லெல்லே? வெய்யிலுக்கை குந்தி இருந்து கிண்டுறது எங்களுக்குப் பிரியமெண்டே நினைச்சனீங்கள்?”

 ஆறு வருடமாக ஒவ்வொரு பங்குனியும் அவர்களை நன்றியில்லாத சனம் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவர்களை ஒவ்வொரு மாரியும் தோட்டத்துக்குத் தள்ளிவிட்டவன் நான். ‘நாளைக்கு வரவேண்டாம்’ என்று சொன்ன வாய் என்னுடையது.

“இதை நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே?”

“நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே.”

பிறகு அவள் சொன்ன திட்டம்தான் எங்கள் கொம்பனியைக் காப்பாற்றியது. வளவின் பின்பக்கம் கடைகளில் இருந்து திரும்பி வந்த பழைய போத்தல்கள் மலைபோலக் குவிந்து கிடக்கும். மாரியில் யாரும் அதைத் தொடுவதில்லை. பங்குனியில் அவசரத்தில் அள்ளி, அவசரத்தில் கழுவி, அவசரத்தில் உடைப்போம். “மாரியிலை எங்களை வைச்சிருங்கோ. அந்தக் குவியலை முழுக்கப் பொறுக்கி, வெடிச்சதைக் கழிச்சு, கழுவிப் பெட்டியிலை அடுக்கி வைக்கிறம். பங்குனிக்குப் போத்தல் கையிலை இருக்கும், நாங்களும் இருப்பம். அரிசி வாங்காட்டில் வெங்காயத்துக்குப் போகத் தேவையில்லை” என்றாள். பிறகு, “மத்தியானச் சோத்தையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ. சோத்துக்கு எண்டு அவர் பிடிக்கிறதையும் சேத்துக் காசாத் தரட்டும். நாங்கள் வீட்டிலையிருந்து கொண்டந்து தின்னுவம்” என்றாள்.

சோறு நின்றால் இவர்கள் கஷ்டப்படுவார்களே என்றுதான் நான் முந்தி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மரத்தடிச் சோறு அவளுக்கு எப்படி இறங்கியது என்று யோசிக்கவில்லை.

முதலாளியிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு நம்பாமல் தலையை ஆட்டினார். “உவையளை மாரி முழுக்க வைச்சுச் சம்பளம் குடுத்து, பங்குனியிலை தோட்டக்காரன் கொஞ்சம் கூலியைக் கூட்டிக் காட்ட ஓடினால்?”

“ஓடமாட்டினம் முதலாளி.”

“ஓடினால் நீயும் அவையோடை சேந்து ஓடு. இஞ்சாலை வரவேண்டாம்.”

“சரி முதலாளி” என்றேன்.  

அந்த மாரி எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மழை பெய்தது, விற்பனை இல்லை, சட்டப்படிச் சம்பளம் போனது. முதலாளி ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பின்வளவில் குவியல் குறைந்துகொண்டு வந்தது, கொட்டிலுக்குள் பெட்டிகள் கூரையைத் தொட்டன. கந்தோர் ஐயா ஒருதடவை வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

எல்லா இடத்திலும் இப்படி நடந்ததென்று நான் பொய் சொல்லமாட்டேன். எங்களுக்கு அடுத்த சந்தியில் ஒரு சின்னச் சோடாக்காரர் இருந்தார். கையால் சுற்றுகிற மெசின், இரண்டு வேலையாட்கள். அவருக்கு உண்மையாகவே கட்டவில்லை. இரண்டு பேரையும் விட்டுவிட்டு, மனைவி பிள்ளைகளை வைத்துச் செய்தார். ஒருத்தனுக்கு நான் எங்கள் லொறியில் வேலை எடுத்துக் கொடுத்தேன். மற்றவனுக்கு முடியவில்லை. சம்பளம் கூடினால் எல்லாம் நல்லதாய் முடியும் என்று ஒருத்தர் சொன்னாலும், எல்லாம் நாசமாய்ப் போகும் என்று இன்னொருத்தர் சொன்னாலும், அந்த ஆள் ஒரு கொம்பனியின் பின்வளவையும் போய்ப் பார்க்காதவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி பிறந்தது. வெய்யில் ஏறியது. கடைகளில் இருந்து பெட்டி கேட்டு ஆள் வரத் தொடங்கியது. வெங்காயம் கிண்டத் தொடங்குகிறார்கள் என்று சொன்ன அன்று காலை, ஆறு மணிக்கே நான் கேற்றடியில் நின்றேன். ஏழு மணிக்குச் சின்னத்தங்கமும் இராசமணியும் வந்தார்கள். பாக்கியம் இல்லை.

“எங்கை அவ?”

“தோட்டக்காரர் ஒழுங்கைக்கு வந்து நிண்டவர். அவரோடை கதைச்சுக்கொண்டு நிண்டா” என்றாள் இராசமணி.

 முதலாளி மேசையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏழரை. எட்டு. லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது என்று நான் வசனம் கட்டத் தொடங்கிவிட்டேன்.

எட்டேகாலுக்குப் பாக்கியம் வந்தாள். ஓடி வந்த மூச்சு.

“எங்கை போனனீ?” என்று முதலாளி எழும்பினார்.

“குறை நினைக்காதையுங்கோ ஐயா. தோட்டக்காரர் வழமைபோலக் கூப்பிட வந்தவர். இந்த முறை உங்களிட்டை அரிசி வாங்கேல்லை, வரேலாது எண்டன். எங்கடை ஒழுங்கைப் பெட்டையள் அஞ்சாறு பேர் நிண்டவை. பழைய கூலிக்கு வாங்கோ எண்டு அவையைக் கேட்டார். சோடாக் கொம்பனியிலை நிழலுக்கை நிண்டு கழுவ இவ்வளவு தருகினம், நீங்கள் வெய்யிலுக்கை பழைய கூலியோ எண்டு நான் கேட்டன். பேந்து ஒரே பேரம்தான். கூட்டித் தாறனெண்டு ஒத்துக்கொண்டாப் பிறகுதான் வெளிக்கிட்டன்.”

“தோட்டக்காரன் கூட்டிக் குடுத்தவனோ?” முதலாளிக்கு நம்ப முடியவில்லை.

“ஓம் ஐயா. உங்களைத்தான் ஏசிக்கொண்டு போறார்.”

அந்தத் தோட்டத்துக்கு எந்தச் சம்பளச் சபையும் தீர்ப்பு எழுதவில்லை. எங்கள் தொட்டியடியில் நின்ற மூன்று பேரின் சம்பளம் ஒழுங்கை வழியாக நடந்து அங்கே போயிருந்தது. அடுத்த கிழமை சந்தையில் அந்தத் தோட்டக்காரர் முதலாளியைப் பிடித்து, “உன்னாலை எங்களுக்கெல்லே கூலி ஏறிப்போச்சு” என்று சண்டைக்கு வந்தாராம். முதலாளி அதை நாலைந்து பேரிடம் சொல்லிச் சிரித்தார். “என்ரை ஆக்களுக்கு நான் சட்டப்படி குடுக்கிறன், நீயும் குடன்” என்று தான் சொன்னதாகவும் சொன்னார். தானே அந்தச் சட்டத்தை எழுதியவர் மாதிரி இருந்தது கதை.

அந்த வருடம் நாங்கள் ஒரு திருவிழாவுக்கும் பெட்டி இல்லை என்று சொல்லவில்லை. உடைந்த போத்தலைக் கூட்டி அள்ள முந்தி ஓலைக் கடகம் கடகமாகப் போகும். அந்த வருடம் ஒரு சாக்குக்கூட நிரம்பவில்லை. ஆடி மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பழக்கத்தில் எனக்கு வயிறு கலங்கியது.

“கழுவ ஆள் காணாது போலை கிடக்கு” என்றார்.

“மூண்டு பேர் நிக்கினமே முதலாளி.”

“இன்னும் ரெண்டு பேர் வேணும் எண்டு சொல்லுறன். ஆரெண்டு நீ யோசிச்சுக்கொண்டு நிக்காதை. பாக்கியத்தைக் கேள்.”

கேட்டேன். அடுத்த நாளே இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். முதல்நாளே சட்டப்படிச் சம்பளத்தில் பெயர் பதிந்தோம். பெயர் பதிந்துகொண்டிருக்கும்போது, நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தும், பாக்கியம் அவர்களுக்குத் தொட்டியைக் காட்டிப் புத்தி சொன்னாள்.

“கழுத்தை விரலாலை தடவிப் பாக்காமல் ஒரு போத்தலும் வையாதையுங்கோ. மழை வந்தாலும் வெய்யில் வந்தாலும் வேலைக்கு வாங்கோ. அங்கை நிக்கிற போர்மன் தம்பி நல்ல மனிசன், பயப்பிடாதையுங்கோ. ஆனா உங்கடை நன்மைக்கெண்டு அவர் ஏதும் யோசனை கொண்டுவந்தால் மட்டும், ஓடியந்து முதல்லை என்னட்டைச் சொல்லுங்கோ.”